முத்தாண்டிக்குப்பம் ரேசிங்

முத்தாண்டிக்குப்பம் ரேசிங் என்றால் மூன்றே பேர்தான். மெக்கானிக் செங்குட்டுவன், பைக் ஓட்டும் அவர் மச்சினன் தமிழ்மாறன், டெம்போ வைத்திருந்த தனகோட்டி. 2012இல் பழைய பைக் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பூட்டி ஆரம்பித்தார்கள். டேங்கில் பெயர் எழுதியபோது இடம் போதாமல் முத்தாண்டி ஒரு பக்கமும் குப்பம் மறுபக்கமும் போய்விட்டது.

"அந்தப் பக்கம் நிக்கறவனுக்கு நாம வெறும் குப்பம்தான்யா" என்பார் தனகோட்டி.

செங்குட்டுவனுக்கு நெய்வேலி சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. ஷிஃப்ட் முடிந்து சுரங்க லாரி வந்து நின்றதும் ஏர் ஃபில்டரைக் கழற்றி, கரித்தூசியை ஊதிவிட்டுத்தான் அடுத்த ஆளிடம் விடுவார். பதினான்கு வருடப் பழக்கம்.

மூன்று வருடம் கடைசியில்தான் வந்தார்கள். 2015இல், சென்னைக்குப் பக்கத்து ட்ராக்கில், காலைத் தகுதிச் சுற்றில் தமிழ்மாறன் நான்காவதாக வந்தான். சாயங்காலப் பந்தயத்திலும் ஐந்துக்குள் வந்தால் எடுத்துக்கொள்வதாக ஒரு பெரிய டீம் சொல்லியிருந்தது. அவனுக்கு வயது இருபத்தாறு. இனி வேறு யாரும் கூப்பிடப் போவதில்லை.

சுற்று முடிந்த பைக்குகளைக் கயிறு கட்டிய இடத்தில் நிறுத்த வேண்டும். அதிகாரிகள் சோதிக்கும்வரை யாரும் கைவைக்கக் கூடாது. செங்குட்டுவனுக்கு இது நன்றாகத் தெரியும். அவரேதான் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார். இஞ்சின் சூடு முகத்தில் அடித்தது. கை பாட்டுக்கு ஸ்க்ரூடிரைவரை எடுத்தது. ஃபில்டரை ஊதிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்தில் அதிகாரி நிற்பதைப் பார்த்தார்.

"என்ன பண்றீங்க?"

"தூசி ஊதறேங்க."

"சோதனைக்கு முன்னாடி கழட்டிட்டீங்களே. இனிமே இந்த வண்டி பந்தயத்துல இல்ல."

"வெறும் தூசிங்க. வேற ஒண்ணும் தொடலிங்க."

"நம்பறேன். ஆனா விதியை நான் மாத்த முடியாதுங்க."

மேலே இருந்தவர்களிடமும் போய்க் கெஞ்சிப் பார்த்தார். அவர்களும் மரியாதையாகவே மறுத்தார்கள். திட்டியிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம்.

தமிழ்மாறன் ரேஸ் உடுப்போடு வந்தான்.

"என்னா மாமா பண்ணின?"

"கை தானா போயிடிச்சிடா."

சாயங்காலம் மூவரும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவன் நிற்க வேண்டிய நான்காவது இடம் காலியாகக் கிடந்தது. கொடி அசைந்தது. தமிழ்மாறன் ஒவ்வொரு சுற்றையும் விரல்விட்டு எண்ணினான். ஐந்தாவதாக வந்தவன், காலையில் இவனுக்குப் பின்னால் வந்தவன்.

டெம்போவில் பைக்கை ஏற்றிக் கட்டும்போது தமிழ்மாறன் மெதுவாகச் சொன்னான்.

"அக்காகிட்ட நீ ஒண்ணும் சொல்லாத மாமா. நான் வளைவுல வுழுந்துட்டேன்னு சொல்லிக்கறேன்."

செங்குட்டுவன் கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இழுத்துக் கட்டினார்.