முதல் கட்டத்தை எடுக்கச் சொன்னார்கள்

கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. அதனால் இந்தப் பதிவில் வழக்கமான இயற்கைக் காட்சிகள் கிடையாது.

நான் ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் டெஸ்ட் இன்ஜினியர். சொந்த ஊர் கோயம்புத்தூர் என்பதால் பம்ப் பைத்தியம் ரத்தத்திலேயே உண்டு. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் அறிவியல் நாளுக்காக, ஓர் அமெரிக்க நிறுவனத்தின் திரவ எரிபொருள் ராக்கெட் எஞ்சின்களுக்கு வம்ச வரைபடம் ஒன்று போட்டேன். எஞ்சினுக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குள் எரிபொருள், தள்ளுவிசை, கட்டியவர் என்று மூன்று வரி. நிலவுக்கு ஆளை அனுப்பிய ராட்சத எஞ்சின் நடுவில். அங்கிருந்து பின்னோக்கிப் போனால் எல்லாம் வி-2 என்ற இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் ஏவுகணையில் வந்து நின்றது. போர் முடிந்ததும் அமெரிக்காவுக்குப் போன அந்த எஞ்சினைப் பிரித்துப் பார்த்து, மில்லிமீட்டரை அங்குலமாக்கி நகல் எடுத்துத்தான் அந்த நிறுவனம் தொழிலையே கற்றது.

வி-2 தயாரான சுரங்கம் நார்ட்ஹவுசன் பக்கம் இருக்கிறது. போய் ஒரு படம் எடுத்து முதல் கட்டத்தில் ஒட்டிவிடலாம் என்று செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, விழாவுக்கு முதல் நாள், கிளம்பினேன். வதைமுகாம் கைதிகளை வைத்து வேலை வாங்கினார்கள் என்று எங்கோ ஒரு வரி படித்திருந்தேன். ஒரு வரிதானே என்று தாண்டிப் போயிருந்தேன். அதைவிட மோசம், கைப்பையில் ஒரு குங்குமப் பொட்டலமும் வைத்திருந்தேன். ஆயுத பூஜைக்கு என் டெஸ்ட் பெஞ்சுக்குப் பொட்டு வைப்பது வழக்கம். எல்லா எஞ்சினுக்கும் முப்பாட்டன் ஆயிற்றே, கைக்கு எட்டினால் அதற்கும் ஒன்று வைக்கலாம் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கார் அன்ரன் அண்ணையுடையது. மன்னாரிலிருந்து அகதியாக வந்தவர், பிராங்பேர்ட் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர். விழாவுக்கு ஹாலை வாடகைக்கு எடுத்தவரும் அவரே, சாவி அவர் சட்டைப்பையில் (அவர் பேச்சில் ‘ஹோல்’, ‘திறப்பு’). காலை 6.40க்குக் கிளம்பினோம். சுமார் 300 கிலோமீட்டர், காபிக்கு ஒரே ஒரு நிறுத்தம். 10.20க்குப் போய்ச் சேர்ந்தோம்.

“ராக்கெட்டைப் பாக்க வாறன், தங்கச்சி. ஆனா உந்தச் சாவுக் கதையள் விழாவுக்கு வேண்டாம்” என்றார் வழியில். “குண்டுவீச்சு, செல்லடிக்குள்ள இருந்து ஓடி வந்த எனக்கு உது போதும்.”

“இல்லண்ணா, ஜஸ்ட் ஒரு போட்டோதான்” என்றேன்.

சுரங்கமும் அதை ஒட்டிய கைதி முகாமும் இப்போது நினைவிடம், நுழைவுக் கட்டணம் இல்லை. சுரங்கத்துக்குள் வழிகாட்டியோடு மட்டுமே விடுவார்கள். நாங்கள் போனது 11 மணிச் சுற்று, ஒன்றரை மணி நேரம். உள்ளே எட்டு டிகிரி. நடைபாதையின் தடுப்புக் கம்பிக்குக் கீழே தேங்கிய தண்ணீரில் துருப்பிடித்த ராக்கெட் பாகங்களின் குவியல். அதற்குள் எஞ்சினைக் கண்டுபிடித்துவிட்டேன். கூம்பு, தலையில் கிண்ணம் கிண்ணமாக எரிகலங்கள். மொத்தம் பதினெட்டு என்று எனக்குத் தெரியும். கை தானாகக் கைப்பைக்குள் போனது.

அப்போது வழிகாட்டி அம்மா பேசினார். கைதிகள் முதலில் இந்தச் சுரங்கத்துக்குள்ளேயே, நாலடுக்குக் கட்டிலில், மாதக்கணக்கில் வெயில் படாமல் கிடந்தார்கள். கழிப்பிடம் என்பது பாதியாக வெட்டிய பீப்பாய். வேலையைக் கெடுத்ததாகச் சந்தேகம் வந்தால், ராக்கெட் தூக்கும் அதே கிரேனில் தூக்கிலிட்டார்கள். இந்த ஏவுகணை விழுந்து செத்தவர்களைவிட, இதைக் கட்டியபோது செத்தவர்கள் அதிகம். இவர்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோது, அந்த எஞ்சின் குடித்தது உருளைக்கிழங்கில் காய்ச்சிய ஆல்கஹால். என் கட்டத்தில் நான் ‘எரிபொருள்: ஆல்கஹால்’ என்று மட்டும் அழகாக எழுதியிருந்தேன். பொட்டலத்தை விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தேன்.

அன்ரன் அண்ணை கம்பியைப் பிடித்தபடி, ராக்கெட்டின் உடல் தகடு ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி, அந்த வெல்டிங்கைப் பாருங்கோ. இஞ்சால எல்லாம் ஒரே அளவு. அந்த ஒரு முழத்தில மட்டும் பிடிக்கேல்லை. தெரியாதவன் செய்தால் எல்லா இடமும் பிழையாய்ப் போகும். இது வேணுமெண்டு விட்டது.”

ஜெர்மனில் வழிகாட்டியிடமும் கேட்டார். இத்தனை துருவுக்குப் பிறகு அதை உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அப்படிச் செய்தவர்கள் இருந்தார்கள் என்றார் அவர். “தூக்குவாங்கள் எண்டு தெரிஞ்சும்...” என்றார் அண்ணை.

வெளியே வந்ததும், கார் நிறுத்துமிடத்தில் நின்றே, சங்கச் செயலாளர் கௌரி அக்காவுக்கு போன் போட்டேன். முதல் கட்டத்தில் படம் வேண்டாம், அங்கே செத்தவர்களைப் பற்றி எழுதப்போகிறேன் என்றேன். ஸ்பீக்கரில் அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

“அப்பிடியெண்டால் அந்தக் கட்டத்தையே எடுத்துவிடுங்கோ. பிள்ளையள் பயப்பிடுங்கள். ஜெர்மன்காரரும் வருவினம், அவையளைச் சங்கடப்படுத்த ஏலாது. அமெரிக்காவில இருந்து தொடங்குங்கோ.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “மேடம், ஜெர்மன்காரங்களே உள்ள லைட் போட்டுக் காட்டறாங்க. நமக்கு என்ன சங்கடம்?” என்று கத்திவிட்டேன். அமெரிக்காவிலிருந்து தொடங்குவதாம்! அந்த நிறுவனத்தின் வரலாறு என்று நான் புரட்டிய பளபளப்பான பக்கங்கள் எல்லாம் அப்படித்தான் தொடங்கின. எஞ்சின் ‘கிடைத்தது’ என்று எழுதியிருந்தார்கள், வழியில் கிடந்ததை எடுத்ததுபோல.

அண்ணை என் கையிலிருந்து போனை வாங்கினார்.

“அக்கா, அன்ரன் கதைக்கிறன். எங்கட சனம் செத்ததை உலகம் எழுதேல்லை எண்டு வருசா வருசம் மெழுகுதிரி கொளுத்திறம். இப்ப மற்றவையின்ர சாவை நாங்களே வெட்டுறதோ? அந்தக் கட்டம் இருந்தால் ஹோல் திறக்கும். இல்லாட்டித் திறப்பு என்னட்டையே இருக்கும்.”

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கோடையிலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், தரை ஈரம் என்பதால் நல்ல ஷூ வேண்டும். சுற்று நேரங்களை முன்பே பார்த்துவிடுங்கள். ரயில் என்றால் பிராங்பேர்ட்டிலிருந்து காசல் போய் நார்ட்ஹவுசனுக்கு மாறலாம். ஊர் ரயில்களிலேயே போனால் ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். அதே ரயில் ஹாலே என்ற ஊர் வரை போகிறது. அங்குள்ள காப்பகத்தில் பழைய தமிழ்ச் சுவடிகள் உண்டு, அவற்றைப் பார்க்கும் ஆசையில் நானும் போவதாக இருந்தேன். அன்று மனம் வரவில்லை, திரும்பிவிட்டோம்.

மறுநாள் ஹோல் திறந்தது. கௌரி அக்கா இன்னும் என்னோடு பேசுவதில்லை, எனக்கும் அவசரமில்லை. குங்குமப் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. வரைபடத்தில் எல்லாக் கட்டத்திலும் ‘கட்டியவர்’ என்ற வரியில் நிறுவனத்தின் பெயர். முதல் கட்டத்தில் மட்டும் இப்படி எழுதினேன்: ‘கைதிகள். அவர்களில் ஒருவர், ஒரு முழ நீளத்துக்கு, கட்ட மறுத்தார்.’