அந்தப் பட்டனை யார் அமுக்குவது?

எண்ணூர் நெடுஞ்சாலையில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் கண்ணுக்கெட்டிய வரை கன்டெய்னர் லாரிகள்.

"கன்டெய்னர் யார்டு கேட்டுல கம்ப்யூட்டர் பேஜாராயிட்ச்சாம்" என்றார் கண்டக்டர்.

லாரிகளை உள்ளே விடும் அந்தக் கேட் மென்பொருள் எங்கள் டீமுடையது. புது வெர்ஷனை இனி யாரும் கையால் ஏற்றக் கூடாது, ஒரு பட்டனை அமுக்கினால் தானாக ஏற வேண்டும் என்று சண்டை போட்டு மாற்றியவள் நான். இன்றுதான் முதல் முறை.

சீனியர் டேவிட் அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணா, என் பட்டனாலயா?"

"அத்த நான் அமுக்கவே இல்லம்மா, பயமா இருந்துச்சி. பழையபடி கையாலதான் ஏத்துனேன். ஒரு ஃபைல் வுட்டுப்போச்சு, இப்ப சரி பண்ணிக்கினு கீறேன். நாளைக்கு நீயே வந்து அமுக்கு."

அப்பாடா என்றிருந்தது. அடுத்த நொடிதான் அந்த 'நாளைக்கு நீயே' உறைத்தது.

தைரியசாலிகள் யாராவது நாளை கூட வருகிறீர்களா? விரல் மட்டும் கொடுத்தால் போதும்.