சாணத்தில் மூன்று கொடிகள்

காலை ஆறு மணி பத்து நிமிடம். கேட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது சாணம். நடுத்தெருவில், அடை கனத்துக்கு. அதன்மேல் மூன்று சின்னக் கொடிகள் — சிவப்பு, நீலம், மஞ்சள்.

சாணம் புதிதல்ல. மற்ற ஊர்த் தெருக்களில் பால்காரர் வருவதுபோல கொடைக்கானலில் காட்டுமாடு வரும். கொடிதான் புதிது.

கொடிக்கு ஒருவராக மூன்று இளம்பெண்கள் நின்றிருந்தார்கள். மூவரும் ஒரே பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவிகள். ஒரே ஹாஸ்டல், ஒரே மெஸ். ஆனால் ஒருவரின் ஆய்வு என்னவென்று மற்றவருக்கு இந்தச் சாணத்தின் முன்னால்தான் தெரிந்ததாம்!

விலங்கியல் மாணவியின் கையில் ஸ்பூன். காட்டுமாடு என்னென்ன விதைகளைத் தின்கிறது என்று கிளறிப் பார்க்க வேண்டும்.

"கிளறினா என் சோலி முடிஞ்சுச்சு" என்றார் தாவரவியல் மாணவி நித்யா. சாணத்தில் முளைக்கும் காளான்கள் அவருடைய ஆய்வு. ஏழு நாள் யாரும் கலைக்கக் கூடாது. பதினோரு சாம்பிள் முடிந்துவிட்டது. பன்னிரண்டாவது மட்டும் ஒருமுறை மழையில் போனது, ஒருமுறை ஜீப் டயரில் போனது... இந்த மாதம் தீசிஸ் கொடுத்தாக வேண்டும்.

மூன்றாமவர் சமூகவியல். நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா வெளியே வந்தார். வீட்டின் மாடியை சுற்றுலாப் பயணிகளுக்கு விடுபவர்.

"யாரும்மா அது, வெள்ளனே சாணிக்குக் கொடி ஏத்துறது? பத்து மணிக்கு கெஸ்ட் வர்றாங்க. வெரசா அள்ளுங்க."

"ஏழு நாள் கெடக்கட்டும்க்கா, ப்ளீஸ்."

"செத்தவங்களுக்குத்தான் ஏழாம் நாள் பூசை வெப்போம். சாணிக்குமா?" சமூகவியல் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லேம்மா."

"நான் குறுக்க பேசக் கூடாதுக்கா. நீங்க அள்ளுறீங்களா, விடுறீங்களான்னு பாக்குறதுதான் என் ரிசர்ச்."

ஒரு சாணம். ஒரு பல்கலைக்கழகம். மூன்று கேள்விகள்! இத்தனை வருடமாக இதே தெருவில் நான் சாணத்திடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான் — மிதிக்காமல் தாண்டுவது எப்படி?

"சரி, உள்ள வாங்க. காபி குடிச்சிட்டு சண்டை போடுங்க" என்றார் அக்கா. எல்லோரும் போனோம். அதுதான் தப்பு.

எங்கள் தெருவில் ரோஜா வளர்க்கிறவர்கள் அதிகம். மலர்க் கண்காட்சி நெருங்கினால் வாசல் சாணத்துக்குப் போட்டா போட்டி; முந்தியவருக்கே சொந்தம். அக்காவின் கணவர் அந்தோணி அண்ணன் இதில் யாரிடமும் தோற்றதில்லை. கொடிகளைப் பார்த்ததும் அவருக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியிருக்கிறது — பஸ் சீட்டில் துண்டு போடுகிற மாதிரி யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள்!

நாங்கள் திரும்பி வந்தபோது சாணம் அண்ணனின் ரோஜாத் தொட்டியில் இருந்தது. உடையாமல், முழுசாக.

நித்யா தொட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "அண்ணே... இது என் பிஎச்டி."

அண்ணன் மண்வெட்டியைக் கீழே வைத்தார். கண்காட்சிக்கென்று வளர்த்த செடி அது. அதன் இலையை ஒருமுறை தடவினார்.

"அப்ப இங்கேயே இருக்கட்டும்மா. ஏழு நாள் நான் கையே வைக்க மாட்டேன். தண்ணிகூட ஊத்த மாட்டேன்."

மண்வெட்டியில் ஒட்டியிருந்ததை விலங்கியல் மாணவி ஸ்பூனால் வழித்துக்கொண்டார். சமூகவியல் புதுப் பக்கம் திருப்பினார்.

அண்ணன் சொன்ன சொல் தவறவில்லை. மழைக்குத் தொட்டியின்மேல் குடை கட்டினார். போட்டோ எடுத்த கெஸ்ட்டுகளிடம், "தள்ளி நில்லுங்க சார், யுனிவர்சிட்டி சமாச்சாரம்" என்றார்.

ஏழாம் நாள் காலை நித்யா லென்ஸோடு வந்தார். குண்டூசித் தலை அளவில் நான்கு காளான்கள் முளைத்திருந்தன.

ரோஜாச் செடி பட்டுப்போயிருந்தது.