பச்சைப் பேனா டீச்சர்

அந்த மழலையர் பள்ளியில் எல்லாரும் அவளைப் பச்சைப் பேனா டீச்சர் என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறிப்பேட்டில் ஓர் இலக்கு கைகூடினால் பச்சையில் டிக் போட்டு, கையெழுத்தும் போடுவாள். தலைமை ஆசிரியையே கேட்டாலும் அந்தப் பேனா கைமாறாது. பதினோரு வருஷமாக அந்தக் குறிப்பேடுகளில் வேறு யாருடைய கையெழுத்தும் விழுந்ததில்லை.

சிட்டுவின் பக்கத்தில் மட்டும் ஆறு மாதமாக ஒரு கட்டம் காலி. மூன்றரை வயதுப் பெண். 'மூன்று சொல் சேர்த்துத் தானாகக் கேட்பாள்' என்பது இலக்கு. பக்கத்திலேயே, 'முதலில் கண்டவர் கையெழுத்து.' சிட்டுவோ விரலை நீட்டுவாள், சட்டையை இழுப்பாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். டீச்சர் படம் படமாக அட்டை வெட்டினாள், மதிய இடைவேளையைத் தொலைத்தாள். வெள்ளிக்கிழமை சிட்டுவின் அம்மா வரும்போது அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவதை மனசுக்குள் எத்தனை தடவை ஒத்திகை பார்த்திருப்பாள்!

புதன்கிழமை ஆயாம்மா துடைப்பமும் கையுமாக வந்து நின்றாள். "உங்க சிட்டு பேசுது டீச்சர். 'ஆயாம்மா, சோப்பு வேணும்'னுச்சு."

டீச்சருக்கு வயிறு பற்றி எரிந்தது. மூன்று சொல். அதில் முதல் சொல்லே ஆயாம்மா. உதட்டால் மட்டும் சிரித்துவிட்டு, என்ன சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டாள்.

"நான் என்னத்த சொல்லிக்கொடுத்தேன்? பத்துப் புள்ளைங்களுக்குக் கை கழுவி விடணும். இது பின்னாலருந்து இழுத்துச்சு, நான் திரும்பவே இல்ல. வாயத் தொறக்காம அதுக்கு வேற வழி?"

டீச்சர் நம்பவில்லை. மறுநாள் குழாயடிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். கணீரென்று அதே மூன்று சொல் கேட்டது. சந்தோஷத்தில் கண் கலங்கியதா, பொறாமையிலா, அவளுக்கே தெரியவில்லை.

வகுப்புக்கு வந்து குறிப்பேட்டை விரித்தாள். தானே கையெழுத்துப் போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆயாம்மா இதையெல்லாம் பிரித்தே பார்க்கமாட்டாள். பேனா மூடியைத் திறந்தாள். 'முதலில் கண்டவர்' என்ற வரி கண்ணில் பட்டது. பிறகு குறிப்பேட்டையும் பேனாவையும் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு நடந்தாள்.

ஆயாம்மா கையைத் துடைத்துக்கொண்டு போட்ட கையெழுத்து அடுத்த கட்டம்வரை நீண்டது.

"அடுத்தது என்ன டீச்சர்?"

"பட்டன் போடறது."

"அதுக்கென்ன, குழாயடியிலயே நான்..."

"நீங்க சும்மா இருங்க ஆயாம்மா. பட்டன நான் பாத்துக்கறேன்." பேனாவை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள்.

மத்தியானம் சிட்டு சட்டையைத் திறந்துபோட்டுக்கொண்டு வந்து டீச்சரின் கையை இழுத்தாள். வழக்கமாக அந்த நொடியே டீச்சரின் விரல்கள் பட்டனுக்குப் போய்விடும். இன்று அவள் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். ஆயாம்மா கண்ணில் படவில்லை. நல்லது. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தபடி, திரும்பாமல் நின்றாள்.