பேசினோம் என்று மூன்று கையெழுத்து

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பள்ளியில் அவருக்குப் பெயர் பிரேக் மாஸ்டர். பத்தொன்பது வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கற்றுக்கொடுப்பவருக்கென்று பொருத்திய இன்னொரு பிரேக்கின் மேல் ஒரு காலை வைத்தபடியே சம்பாதித்தவர். எதையும் மூன்று முறை சொல்லாமல் விடமாட்டார். “கண்ணாடியைப் பாரு, திரும்பிப் பாரு, அப்புறம் திருப்பு” என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் அந்த ஊரில் ஆயிரம் பேராவது இருப்பார்கள்.

வீட்டில் அந்த வாய்க்கு ஓர் எல்லை உண்டு. டிவியில் நாப்கின் விளம்பரம் வந்தால் அவருக்குத் திடீரென்று தாகம் எடுக்கும். எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். மகளுக்குப் பதினைந்து வயது, கூப்பிடுவது இன்னும் பாப்பாதான். பாப்பா வளர்ந்தது தெரியாமல் இல்லை. தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதே மரியாதை என்று நினைத்திருந்தார்.

அந்த வருடம் பாப்பாவின் பள்ளியில் புது ஏற்பாடு. சுகாதார வகுப்பிலிருந்து மாதம் ஒரு தாள் வரும். வளரும் உடம்பு, மாதவிடாய், ஆண்-பெண் பழக்கமும் எல்லையும் என்று மாதத்துக்கு ஒரு தலைப்பு. வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு, ‘பேசினோம்’ என்ற கட்டத்தில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று மாதமும் தாளைப் பாப்பா பள்ளி வாசலில், கடைசி நிமிடத்தில்தான் நீட்டினாள். மூன்றையும் மாஸ்டர் ஸ்டீயரிங் மேல் வைத்து, தலைப்பைத் தாண்டிப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். பொம்பளை விஷயம், அம்மாக்காரி சொல்லியிருப்பாள் என்பது அவர் நினைப்பு. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு ஐந்தரை மணிக்கே கிளம்பிவிடும் அம்மாவின் நினைப்பு வேறு. பள்ளியிலிருந்து திரும்பி வந்த தாளில் புருஷன் கையெழுத்தைப் பார்த்தாள். அப்பாவும் மகளும் காரில் பேசிக்கொண்டுதானே போகிறார்கள் என்று நிம்மதியானாள். ஆக, வீட்டில் எல்லாம் பேசியாயிற்று. வாயை மட்டும் யாரும் திறக்கவில்லை.

மூன்றாம் மாதக் கடைசியில் பள்ளியிலிருந்து போன் வந்தது. மைதானத்தில் பாப்பா மயங்கி விழுந்துவிட்டாளாம். ரிவர்ஸ் பழகிக்கொண்டிருந்த ஒரு அம்மாளைப் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டு மாஸ்டர் பறந்தார்.

பள்ளி நர்ஸ் பாப்பாவின் கீழிமையை இழுத்துக் காட்டினாள். உள்ளே வெளுத்திருந்தது. “ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கும்போல சார். இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க. மாசாமாசம் எத்தனை நாள் போகுது?”

மாஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“வீட்ல பேசினோம்னு மூணு தடவை கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, அதான் கேட்டேன்.”

நர்ஸ் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவருக்கு அதிகமாகச் சுட்டது.

டாக்டரிடம் போகும் வழியில் பாப்பா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “பாப்பா, அந்த... மாசாமாசம்...”

கார் நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்தவன் ஹாரனை அலறவிட்டான். அந்த இன்னொரு பிரேக் இன்று பாப்பாவின் காலடியில் இருந்தது.

“வேணாம்பா. ப்ளீஸ்.”

வண்டியை எடுத்தார். “டாக்டர் கேப்பாங்கம்மா, அப்பாவுக்குத் தெரியணும்ல...”

மறுபடியும் நின்றது. பத்தொன்பது வருடமாக அடுத்தவர்களுக்குச் செய்தது தனக்கு நடக்கும்போது நெஞ்சில் எப்படி இடிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்தார். மகள் முகத்தைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

“பேசாமலே கையெழுத்துப் போட்டுட்டேன். தப்பு என்மேலதான்.”

பாப்பாவும் ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள். “பன்னெண்டு நாள்பா. சில மாசம் பதினாலு. ஏழெட்டு மாசமாவே இப்படித்தான்.”

“ஏம்மா சொல்லல?”

“எல்லாருக்கும் அப்படித்தான்னு நினைச்சேன். கேக்கலாம்னுதான் தாளைக் கொண்டுவந்தேன். நீங்க கையெழுத்தே போட்டுட்டீங்க. அப்புறம் எப்படிக் கேக்கறது?”

பன்னிரண்டு நாள் அதிகமா, சரியா என்பது மாஸ்டருக்கும் தெரியாது. அவருக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. “எனக்கும் தெரியாதும்மா. போய்க் கேப்போம்” என்றார்.

ஏழு நாளைத் தாண்டினாலே வந்து காட்டியிருக்க வேண்டும் என்றார் டாக்டர். இன்னும் விட்டிருந்தால் ரத்தம் ஏற்ற வேண்டி வந்திருக்குமாம். பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் எழுதிக்கொடுத்தார். அம்மா வேலை அங்கியோடு ஓடிவந்தாள்.

“நீங்க சொல்லியிருப்பீங்கன்னு...” என்று ஆரம்பித்தாள்.

“நீ சொல்லியிருப்பேன்னு...” என்றார் அவர்.

அடுத்த மாதம் நாலாவது தாள் வந்தது. தலைப்பு, கருத்தடை. அதைப் படித்ததும் மாஸ்டருக்கு வியர்த்தது. ஒரு விடுமுறை நாளில் மூன்று பேரும் காரில் இருக்கும்போது, பழக்கதோஷத்தில் தாளை ஸ்டீயரிங் மேல் வைத்துப் பேனாவைத் திறந்துவிட்டார். பாப்பா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

“இன்னும் பேசவே இல்லையேப்பா?”

பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். ஆளில்லாத பயிற்சி மைதானத்துக்கு வண்டியைத் திருப்பினார். “நான் ஆரம்பிக்கிறேன்” என்று பின் இருக்கையிலிருந்து அம்மா முன்னால் சாய்ந்தாள்.

பாப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த இன்னொரு பிரேக்கை விட்டு இரண்டு காலையும் தூக்கி இருக்கையின் மேல் மடக்கி வைத்துக்கொண்டாள்.