என் கருவிழியில் விழுந்த வெள்ளைப் புள்ளி

மராத்தி பேசும் போபோடியில் எங்கள் தமிழ்ச் சந்து அம்மனுக்கு ஆடியில் கூழ் ஊற்றுவோம். முதல் பானை என் தலையில்தான் வரும். போன வருடம் தோரணத்துக்கு வேப்பிலை ஒடிக்கும்போது ஒரு குச்சி வலது கண்ணில் குத்திவிட்டது. முதலில் உறுத்தல்தான். அப்புறம் கண் செக்கச்செவேல் என்று ஆகி, வெளிச்சம் பட்டாலே தண்ணீராகக் கொட்டியது. கண்ணாடியில் பார்த்தால், கருவிழியில் நொய்யரிசி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

பக்கத்து வீட்டுக்காரி பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்றிருந்த தன் மகளைக் கையோடு கூட்டிவந்துவிட்டாள்.

"அக்கா, வெறும் சூடுதான். எம்பொண்ணு பால் ரெண்டு சொட்டு விட்டா குளுந்துடும். டாக்டர்கிட்ட போனா பானை தூக்கக் கூடாதும்பான்."

"புள்ளைக்குள்ள பாலைப் புள்ளைக்குக் குடுங்கடி. பல்லு கொட்டிப்போச்சுன்னு நானும் கைக்குழந்தையா?"

என் மகள் வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். டாக்டர் சின்னப் பையன். மஞ்சள் மருந்து விட்டு, நீல விளக்கு அடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு என் மகளிடம் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். நான் மேசையைத் தட்டினேன்.

"ஆங்க் மேரா ஹை, பேட்டா. முஜே போலோ."

கண் என்னுடையது, என்னிடம் சொல் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஸ்டூலை என் பக்கம் திருப்பினார். மராத்தியில் பாட்டியைக் கூப்பிடுவது போல "ஆஜி" என்று கூப்பிட்டு இந்தியில் சொன்னார். கண்ணின் கறுப்புக்கு முன்னால், கைக்கடிகாரத்தின் மேல் இருப்பது போலக் கண்ணாடியாக ஒரு தோல் இருக்கிறதாம். அதில் ரத்தம் ஓடாது. அதனால்தான் அவ்வளவு தெளிவு. குச்சி அதைக் கீறியிருக்கிறது. ஊறுகாயில் பிடிக்குமே, அந்த மாதிரிப் பூஞ்சணம் குச்சியிலிருந்து உள்ளே போய்விட்டது. அந்தத் தோல் வீங்கிப் புண்ணாகி வெளுத்திருக்கிறது. விட்டால் ஓட்டை விழும், பார்வை போகும்.

"தாய்ப்பால்?" என்றேன்.

"கிருமிக்கு விருந்து வைப்பீங்களா ஆஜி?"

ராத்திரி பகல் பாராமல் மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. புகை கூடாது. தலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பானையும் கூடாது.

சந்துக்கு வந்ததும், பானையை நீ தூக்கு என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் பயந்துபோனாள்.

"அம்மா கோச்சுக்குவாக்கா."

"கண்ணுமேல கண்ணாடி வெச்சதே அவதான்டி. அதைக் காப்பாத்தினா கோச்சுக்குவாளா?"

கூழ் ஊற்றிய அன்று கறுப்புக் கண்ணாடி போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். "ஹீரோயின் எந்தப் படத்துல?" என்று கேலி செய்தார்கள். செய்தவர்கள்தான் அப்புறம் ஒவ்வொருத்தராக வந்து, கண்ணுக்கு என்ன என்று கேட்டார்கள். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் தமிழில் சொன்னேன். நான் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி பேரனுக்குக் கண் சிவந்தபோது, பால் விடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

புண் ஆற மாதக்கணக்கானது. ஓரத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. கடைசியாகப் போன அன்று டாக்டர் இடது கண்ணை மூடிவிட்டு, சுவரில் இருந்த பலகையைப் படிக்கச் சொன்னார். எல்லாம் மராத்தி. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். அதைச் சொன்னேன். உடனே வேறு பலகை போட்டார். மூன்று பல் வைத்த சீப்பு மாதிரி படங்கள். பல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கை காட்ட வேண்டும். மேலே, கீழே, இடம், வலம் என்று காட்டிக்கொண்டே இறங்கினேன்.

"போதும் ஆஜி, பாஸ்!" என்றார்.

"அடியில இன்னும் ஒரு வரி இருக்கே?"

அது மங்கலாகத்தான் தெரிந்தது. இருந்தாலும் அதையும் கேட்கச் சொன்னேன்.