இரண்டாம் வருடத்துக்குக் காத்திருந்தவர்

மருத்துவக் கல்லூரியில் முதல் வருடமே ஒவ்வொரு மாணவரிடமும் அவ்வப்போது போய் உடல்நலம் விசாரித்துவர கிராமத்துக் குடும்பங்கள் சிலவற்றை ஒப்படைப்பார்கள். எனக்குத் தமிழ் தெரியும் என்பதால், மாநில எல்லையோரம் தமிழ் பேசும் ஊரான வடகரப்பதியில் ஒரு தக்காளி விவசாயியின் வீடு கிடைத்தது. அறுபது வயதிருக்கும்; மெலிந்து உயர்ந்த மனிதர். நான் போனால் தோட்டத்திலிருந்து வந்து, சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை மாட்டிக்கொண்டுதான் பேசுவார்.

இரண்டாவது முறை போனபோது கால் பெருவிரலைக் காட்டினார். நகத்தருகே புண்.

"ஏனுங்க டாக்டரம்மா, ஒரு மாசமா ஆறலீங்க. என்னன்னு பாருங்க."

அந்த விரலின் எலும்பு, நரம்பு, ரத்தக்குழாய் எல்லாவற்றின் பெயரும் எனக்குத் தெரியும். புண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"இந்த வருசம் உடம்பு எப்படி இருக்கு, எப்படி வேலை செய்யுதுன்னுதாங்க படிக்கிறோம். நோயெல்லாம் அடுத்த வருசந்தான். நீங்க நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்றேன்.

"சரிங்க" என்றார்.

பரீட்சையெல்லாம் முடிந்து நான்கு மாதம் கழித்துத்தான் மறுபடி போக முடிந்தது. விரல் கறுத்திருந்தது.

"ரெண்டாம் வருசம் வந்துட்டீங்களா? இப்பச் சொல்லுங்க" என்று காலை நீட்டினார்.

எங்களோடு வந்திருந்த பேராசிரியர் அன்றே அவரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். சர்க்கரை நோய். விரலை எடுத்தார்கள், கால் தப்பியது. ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று வார்டில் கேட்டேன்.

"நீங்கதான் படிச்சுட்டு வந்து பாக்கறேன்னு சொன்னீங்களே?"

நான் அப்படிச் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது. திருத்த மனம் வராமல், "ஆமாங்க" என்றேன்.